துண்டு போட்ட கடற்கரை

ஒரு காட்டில் மரகதம் என்று ஒரு நட்சத்திர ஆமை இருந்தது. இந்தக் கதையை எனக்கு என் அறைத்தோழி சொன்னாள். அவளுக்கு அலுவலக வேனில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னாராம். எந்தக் காடு என்று அவள் கேட்பதற்குள் அவர் இறங்கிவிட்டாராம்.

மரகதத்தின் பெரியம்மா மகள் அலமேலு ஒரு கடலாமை. வருடத்தில் ஒரே ஒரு மாலை கரையேறி, முட்டையிட்டு, இருட்டியதும் கடலுக்குத் திரும்பிவிடும். போன வருடம் மரகதம் பஸ் மாறி, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது மணலில் அக்காவின் தடம்தான் இருந்தது. அதனால் இந்த வருடம் ஒரு கேரவன் வாங்கியது. கடற்கரையிலேயே நிறுத்தி, உள்ளேயே தங்கிக் காத்திருக்கலாம் அல்லவா?

"முதுகுல ஒரு வீடு, சக்கரத்துல ஒரு வீடு. வீட்டு வரியை ரெண்டாப் போடப்போறாங்க, பாத்துக்க," என்றது குரங்கு.

"ஷூட்டிங் எங்க?" என்றது மயில்.

கரடி வீரபத்ரன் வண்டி ஓட்டியது. கேரவன் நிறுத்தக் கடலோர இடம் எங்கே இருக்கிறது என்று மரகதம் செல்போனைக் கேட்டது. "இலக்கை அடைந்துவிட்டீர்கள்" என்று செல்போன் சொன்ன இடம் ஓர் உப்பளம். அங்கே ஒற்றைக் காலில் நின்ற பூநாரை, "இது கடல் இல்லைங்க. கடலைக் காயப்போட்டிருக்கிற இடம். இன்னும் நேராப் போங்க," என்றது.

நேராகப் போனார்கள். இடம் கிடைத்தது. சவுக்கு நிழல், குழாய்த் தண்ணீர், பிளக் பாயின்ட், எட்டிப் பார்த்தால் கடல். ஒரு வண்டிகூட இல்லை. ஆனால் வண்டி நிறுத்தக் கோடு போட்டிருந்த கட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு விரித்திருந்தது.

மரகதத்தின் முகம் வாடிவிட்டது. "எல்லாத்துலயும் இடம் போட்டுட்டாங்க."

அந்தக் காட்டில், பஸ் ஜன்னல் வழியாக ஒரு துண்டு விழுந்துவிட்டால் அந்த இருக்கை துண்டுக்காரருடையது. ஒருமுறை எலி போட்ட கைக்குட்டைக்காகச் சிங்கமே கடைசி நிறுத்தம்வரை நின்றுகொண்டு வந்தது. எலி அந்த பஸ்ஸில் ஏறவே இல்லை.

"மேடம், ஒண்ணே ஒண்ணை எடுத்து ஓரமா வெச்சிடட்டுமா?"

"ஐயோ, கை வைக்காதீங்க வீரபத்ரன். டீ குடிக்கப் போயிருப்பாங்க."

"எல்லாருமேவா?"

"பெரிய குடும்பமா இருக்கும்."

மரகதம் மரியாதைக்காக வண்டியை விட்டு இறங்கி அந்த இடத்தின் வாசலில் நின்றது. பின்னால் ஒரு வெள்ளாட்டுக் குடும்பம் வந்தது. அதன் பின்னால் முள்ளம்பன்றி. கடைசியில் இரவல் வேனில் குரங்கு. எல்லோரும் துண்டுகளைப் பார்த்தார்கள், எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

"அந்த நீலத் துண்டு என் மச்சான் போட்டது," என்றது குரங்கு.

"உன் மச்சானை வரச் சொல்லு. நாங்களும் பாக்கிறோம்," என்றது ஆடு.

குரங்கு போனைக் காதில் வைத்து, "சிக்னல் இல்ல," என்றது.

பொழுது சாய்ந்தது. மரகதம் கடலையும் துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தது. அப்போது சூசை என்ற நீர்நாய் ஒரு கூடையோடு வந்து, துண்டுகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தது.

"இவ்வளவும் உங்க குடும்பமா?" என்று கேட்டது மரகதம்.

"லாட்ஜ் துண்டுங்க. துவைச்சுக் காயப்போட்டேன்."

"கோடு போட்ட இடத்துலயா?"

"கோடு இருந்தா வரிசையாக் காயுங்க."

சூசை இரண்டாவது துண்டை மடிப்பதற்குள் பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் உள்ளே பாய்ந்தன. குரங்கின் வேன் இரண்டு கட்டங்களை அடைத்துக்கொண்டு நின்றது. மரகதம் கேரவனின் முதல் படியில்தான் ஏறியிருந்தது.

அங்கிருந்த நண்டு சொன்னது: "உங்க சாடையில ஒருத்தங்க கொஞ்சம் முன்னாடி கடல்லேருந்து எட்டிப் பாத்தாங்க. துண்டைப் பாத்துட்டு, 'அடடா, யாரோ இடம் போட்டிருக்காங்க'ன்னு பக்கத்துக் கரைக்குப் போயிட்டாங்க."

"வீரபத்ரன், வண்டியை எடுங்க!"

பக்கத்துக் கரையில் குழாய் இல்லை, பிளக் இல்லை, கோடும் இல்லை. வெறும் மணல். மணலில் ஒரு கடற்பாசி மட்டும் சுருக்கமில்லாமல் நீளமாக விரித்திருந்தது. மரகதம் அதைப் பார்த்தது. தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டது.

"மேடம்?"

"யாரோ இடம் போட்டிருக்காங்க."

மணல்மேட்டுக்குப் பின்னால் முட்டைகளை மூடிக்கொண்டிருந்த அலமேலு தலையைத் தூக்கியது. "அடியே மரகதம்! அது உனக்குப் போட்டதுடி! உங்க ஊர் வழக்கமாச்சேன்னு பாத்துப் பாத்து விரிச்சேன். இன்னும் கொஞ்ச நேரத்துல நான் கிளம்பணும், நீ அங்க உக்காந்திருக்க!"

மரகதம் வெட்கத்தில் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "நீ மட்டும் என்னவாம்? லாட்ஜ் துண்டைப் பாத்துத் திரும்பினது யாரு?"

அலமேலுவுக்கும் வெட்கமாகிவிட்டது. ஆனால் அதற்குத் தலையை வைக்க இடமில்லை. கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டது. இருட்டும்வரை இரண்டும் அந்தப் பாசிமேல் ஒட்டி உட்கார்ந்திருந்தன.

நீதி: பிறர் போட்ட இடத்துக்கு ஆசைப்படாதீர்கள். ஆனால் துண்டு ஈரமாக இருக்கிறதா என்று ஒரு விரலால் தொட்டுப் பாருங்கள்.

கடலாமையால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது என்பதை மட்டும் பிறகு நான் சரிபார்த்தேன். உண்மைதான். எவ்வளவு வெட்கமானாலும் வெளியேதான் வைத்திருக்க வேண்டும்.