குதிரைக்கு நான் கற்றுக்கொடுத்த மரியாதை

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்காள், மகள், குதிரை நால்வரும் சுகம். என் இடது கால் கட்டைவிரல் மட்டும் சுகமில்லை. காரணம் கீழே வருகிறது. அங்கே நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமென்று நம்புகிறேன்.

"குதிரை பழகிடுச்சா அத்தான், இல்ல வித்துடவா?" என்று போனில் கேட்டிருந்தீர்கள். அதைக் கேட்டதும் மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். போனில் பதில் சொன்னால் உங்கள் அக்காள் பாதியில் பிடுங்கிக்கொள்வாள் என்பதால் எழுதுகிறேன். விற்க வேண்டியதில்லை மச்சான். பழகிவிட்டது. பழக்கியவன் நான்.

நீங்கள் அதை வாசலில் இறக்கிவிட்டு, "கொஞ்சம் சேட்டை பண்ணும் அத்தான்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினீர்கள் அல்லவா, அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று அன்று மாலையே தெரிந்தது. ஆள் மேல் வந்து இடிக்கக் கூடாது, ஒரு கை தூரம் தள்ளி நிற்க வேண்டும், இதுதான் முதல் மரியாதை என்று மகள் சொன்னாள். இது என்ன பெரிய வித்தை என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றேன். அது ஒரு அடி முன்னால் வந்தது. இடைவெளி வேண்டுமே என்று நான் ஒரு அடி பின்னால் போனேன். அது மறுபடி வந்தது, நான் மறுபடி போனேன், இப்படியே இருவரும் ஒழுங்காக இடைவெளி காத்துக்கொண்டு போய், கடைசியில் நான் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்தேன். அது குனிந்து, என்னைச் சுற்றியிருந்த தண்ணீரைக் குடித்தது. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதைதான். "அப்பா, நகர வேண்டியது அது. உங்களை நல்லாப் பழக்கி வச்சிருக்கு" என்றாள் மகள். தொட்டியில் உட்கார்ந்துகொண்டு என்ன வாதாடுவது?

அடுத்தது லாட விவகாரம். லாடக்காரர் முதல் தடவை வந்தபோது உதைக்குத் தப்பி வேலிக்கு அந்தப் பக்கம் குதித்தவர், அங்கிருந்தே பேசினார்: "அடுத்த தடவை நின்னா லாடம் அடிக்கிறேன். நிக்கலைன்னா ஆளை விடுங்க சார், எனக்கும் குடும்பம் இருக்கு." குளம்பு பார்க்க ஆளில்லாவிட்டால் குதிரையை எப்படி வைத்துக்கொள்வது? ஆகவே, காலைத் தூக்கிக் கொடுக்கும் பழக்கத்தை நானே ஆரம்பித்தேன். காலைத் தூக்குவேன், அது உதறிக் கீழே வைக்கும், "சரி சரி, கோபப்படாதே கண்ணு" என்று ஒரு கேரட் கொடுப்பேன். ஒரு வாரத்தில் என்னைக் கண்டாலே தானாகக் காலைத் தூக்கி, ஓங்கித் தரையில் அடித்து, சட்டைப் பைக்குள் மூக்கை விட ஆரம்பித்தது. என்னே புத்தி என்று பெருமையோடு பக்கத்தில் போய் நின்ற அன்றுதான், அது ஓங்கி அடித்த இடத்தில் என் கட்டைவிரல் இருந்தது.

"காலைக் குடுக்கவா சொல்லித் தந்தீங்க? காலைப் பிடுங்கச் சொல்லித் தந்திருக்கீங்க. கேரட் எப்ப வருது பாருங்க, கால் கீழ வந்தப்புறம்!" என்றாள் மகள்.

"அப்ப குதிரை மேல தப்பே இல்லையா?"

"அது சரியாத்தான் படிச்சிருக்கு. வாத்தியார்தான்..." என்று நிறுத்திக்கொண்டாள். அப்பன் என்ற மரியாதைக்கு மிச்சத்தைச் சொல்லவில்லை.

பிறகு பாடத்தைத் திருப்பிப் போட்டோம். கால் மேலே அமைதியாக இருக்கும்போதுதான் கேரட், உதறினால் வெறுங்கை. காலைப் பிடிப்பது அவள், கேரட் பிடிப்பது நான். அது முன்னால் வந்தால் நான் பின்வாங்க மாட்டேன். தோளை நிமிர்த்தி நிற்பேன், கண்ணை மட்டும் மூடிக்கொள்வேன். நேற்று லாடக்காரர் வந்தார். நாலு காலும் முடிந்தது! மகளின் தோள் மேல் தலையை வைத்துத் தூங்கி வழிந்துகொண்டு நின்றது உங்கள் குதிரை. "அதே குதிரையா சார், மாத்திட்டீங்களா?" என்றார் அவர். மகள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண்ணில் ஏதோ தூசி. இப்போது குழந்தைகூடக் கயிற்றைப் பிடித்து நடத்தலாம். நின்றால் நிற்கிறது, நடந்தால் நடக்கிறது. எனவே விற்கும் பேச்சை விட்டுவிடுங்கள்.

தங்கைக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் குடும்பம் இடறாத நடையும் தேயாத லாடமுமாக நீண்ட காலம் செழிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் அக்காள் வாங்கிப் படித்தாள். "உங்களுக்குக் கொஞ்சமாவது விவரம் இருக்கா? அடங்கலைன்னுதானே என் தம்பி இதை நம்ம தலையில கட்டினான்? அடங்கிடுச்சுன்னு எழுதினா திருப்பிக் கொண்டுபோக நாளைக்கே வண்டியோட வந்து நிப்பான். கூடப் பிறந்தவ எனக்குத் தெரியாதா அவனை?" என்றாள். மகள் எழுந்து லாயத்துக்குப் போய்விட்டாள். இவ்வளவு அழகாக எழுதியதைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே மேலே உள்ளதெல்லாம் பொய் என்று எடுத்துக்கொள்ளவும். குதிரை கடிக்கிறது, உதைக்கிறது, லாடக்காரர் தொழிலையே விட்டுவிட்டார். இதைப் போய் விற்று உங்கள் பேரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தலையெழுத்தை நாங்களே சுமக்கிறோம். நேரில் பார்த்தே ஆக வேண்டுமென்றால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வாருங்கள். குதிரைக்குக் கெட்ட பழக்கம் சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் வேண்டும். அந்தப் பாடத்தில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு.