தாடி தலையாட்டிய கதை

இன்று மனைவியிடம் 'முடியாது' என்று சொல்லிவிடுவது என்று பொம்மைக்காரர் முடிவு கட்டிவிட்டார். மூன்று நாளாக முடிவு கட்டிக்கொண்டுதான் இருந்தார்.

விஷயம் இதுதான். பின் அறையில் ஆளுயரக் கண்ணாடி வைத்து ஏழு வருஷமாகப் பயிற்சி செய்கிறார். மூன்று மாதம் தங்க வரும் தன் அண்ணனுக்கு அந்த அறையைக் கொடுக்க வேண்டும் என்கிறாள் மனைவி. அறை போனால் பயிற்சி போச்சு, பயிற்சி போனால் பிழைப்பே போச்சு. ஆனால் அவள் எதிரே போய் நின்றாலே மனுஷனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அவர் பொம்மையாட்டும் டிவி நிகழ்ச்சியில் அப்படியில்லை. மேஜைக்கு அடியில் உட்கார்ந்து கையை மட்டும் மேலே நீட்டினால் போதும், தாடி என்கிற ஆட்டுப் பொம்மை பெரிய பெரிய ஆட்களையே வாயடைக்க வைத்துவிடும். கத்துக்குட்டிகள் பொம்மை பேசும்போது அதன் தலையையே தூக்குவார்கள். இவர் கட்டைவிரலை மட்டும் இறக்குவார், தாடை தானாகப் பேசும். எதிரில் யார் பேசினாலும் தாடி தலையைச் சாய்த்துக் கேட்கும், ஆட்டி ஆட்டி 'உம்' கொட்டும். ஒரு நொடி சும்மா இருந்தாலும் அது வெறும் துணி என்பது அவர் கொள்கை. பார்க்கிறவர்கள் ஆட்டைத்தான் பார்ப்பார்கள், ஆளை மறந்தே போவார்கள். நியாயமாகப் பார்த்தால் கும்பிட வேண்டிய கை அது.

அந்தக் கையோடு போய் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"அந்த ரூமைத் தர முடியாது" என்றது தாடி.

போர்வை மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். சோபாவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. ஆட்டின் கண்ணையே பார்த்தாள்.

"அடடே, தாடியா? வாப்பா. ஏன் மூஞ்சி வாடியிருக்கு?"

"நான் கோவமா இருக்கேன்."

"இருக்காதா பின்னே? உன் அருமை இங்க யாருக்குத் தெரியுது? எங்கண்ணனைக் கேளு. போன வாரம் டிவியில தும்மல் வராம தவிச்சியே, அதை எட்டு தடவை பார்த்தாராம்."

பொம்மைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வராத தும்மலுக்காக இரண்டு மாசம் பாடுபட்டிருந்தார். இயக்குநர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாடி வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நிஜமாவா?"

"'மூக்கு மட்டும் எப்படிம்மா அப்படித் துடிக்குது'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. உன்னைப் பக்கத்துல பாக்கத்தான் வர்றாரு. வரட்டுமா?"

தாடி தலையாட்டியது.

"ரூமைக் கொடுத்துடலாமா?"

யார் பேசினாலும் ஆட்டிப் பழகிய கை. புத்தி விழித்துக்கொள்வதற்குள் தாடி இன்னொரு தரம் தலையாட்டிவிட்டது.

பொம்மைக்காரர் பதறி எழுந்தார். "நான் சரின்னு சொல்லலையே?"

"உங்களை யாரு கேட்டா?" என்றபடி போர்வையைப் பின் அறைக்கு எடுத்துப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து பெட்டியை அந்த அறையில் இறக்கினார். அறை போனால் போகட்டும், ரசிகர் ஒருவர் கிடைத்தாரே என்று பொம்மைக்காரர் தாடியைக் கையில் மாட்டிக்கொண்டு ஓடினார். வராத தும்மலை மூக்குத் துடிப்போடு முழுசாகச் செய்து காட்டினார்.

மச்சான் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. இது என்ன, நாயா?"