மில்லிமீட்டர் திருத்திய வட்டங்கள்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு மேசையில்தான், நாற்காலியில் உட்கார்ந்துதான், பக்கத்தில் மகளை வைத்துக்கொண்டுதான் என்று மில்லிமீட்டர் ஒரு முடிவுக்கு வந்தார். அந்த முடிவுக்கு வந்தபோது அவர் சோபாவில் இருந்தார். மடியில் தட்டு, தட்டுக்குக் கீழே பழைய பேப்பர், சட்டையில் சிந்தாமல் இருக்கக் கழுத்தில் துண்டு. முடிவெடுக்கிற ஆசாமிக்கு இருக்க வேண்டிய கம்பீரம் கொஞ்சம் குறைச்சல்தான். ஆனாலும் எடுத்துவிட்டார்.

மில்லிமீட்டர் என்பது தெரு வைத்த பட்டம். மனிதர் மரச்சாமான் பட்டறையில் மூத்த தச்சர். கதவு மூடும்போது ஒரு தலைமுடி இடைவெளி தெரிந்தால் போதும், மொத்தக் கதவையும் கழற்றிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். தெரு கிண்டலாகத்தான் கூப்பிட்டது. அவர் அதைப் பதக்கம் மாதிரி மார்பில் குத்திக்கொண்டு அலைந்தார்.

வீட்டுச் சாப்பாட்டு மேசையும் அவர் கையால் செய்ததுதான். ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். இப்போது அதில் ஒரு டம்ளர் வைக்க இடமில்லை. ஒரு முனையில் தையல் மெஷின். மற்ற முனைவரை துணி. சிவப்புத் துணி, பூப்போட்ட துணி, கோடு போட்ட துணி. நடுவே ஊசி டப்பா, கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி. ஒருநாள் இடம் பார்க்காமல் தட்டை வைத்து, பொரியலோடு ஒரு குண்டூசியையும் வாய்வரைக்கும் கொண்டுபோய்விட்டார். அன்றைக்கு மேசையை விட்டுச் சோபாவுக்குப் போனவர்தான்.

எல்லாம் பாப்பாவால் வந்த வினை. பாப்பா என்றால் குழந்தை இல்லை. வேலை கிடைத்து வெளியூரில் தனியாக அறை எடுத்திருக்கிற ஒரே மகள். அங்கே குளிர் தாங்கவில்லை என்று போனில் ஒரு வார்த்தை சொன்னாள். கடையில் நல்ல கம்பளியாக ஒன்று வாங்கிக்கோ என்றார் அப்பா. அம்மா அதற்குள் பெட்டியைத் திறந்து, பாப்பா சின்ன வயதில் போட்ட கவுன்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டாள். எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டி, சேர்த்துத் தைத்து, ஒரு ஒட்டுப் போர்வை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாப்பா வந்து எடுத்துக்கொண்டு போவாள்.

சதுரம் சதுரமாக வெட்டி நேர்த்தையல் போட்டிருந்தால் என்றைக்கோ முடிந்திருக்கும். அம்மாவுக்கு வட்டம் வேண்டுமாம். ஒரு கால்வட்டத் துண்டு. அதோடு சேர்க்க, யாரோ பிஸ்கட்டை மூலையில் கடித்த மாதிரி வளைவாக வெட்டிய ஒரு சதுரம். அதற்கு அவள் வைத்த பேரே கடிச்ச துண்டு. ரெண்டையும் சேர்த்தால் ஒரு கட்டம். நாலு கட்டம் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தைக்கும்போது பார்க்க வேண்டுமே. கால்வட்டத்தை மடித்து நடுவைக் கண்டுபிடிப்பாள். கடிச்ச துண்டை மடித்து அதிலும் நடுவைக் கண்டுபிடிப்பாள். நடுவோடு நடு ஒரு குண்டூசி, ஓரத்தோடு ஓரம் ரெண்டு குண்டூசி. அப்புறம் மெஷினில் நத்தை ஊர்கிற மாதிரி நகர்த்தி, விரலால் துணியைத் தள்ளித் தள்ளி, ஒரு சுருக்கம் விழுந்தால் உச்சுக்கொட்டிவிட்டு மொத்தத்தையும் பிரிப்பாள். ஒரு கட்டம் முடிவதற்குள் இவருக்குப் பசி வந்து, பசி போய், மறுபடி பசி வந்துவிடும்.

இதற்கெல்லாம் ஒரு தையல் மேசை தனியாக இருந்தால் தொல்லையே இல்லை, பின்னறையில் ஜன்னல் பக்கம் போட்டால் வெளிச்சமும் கிடைக்கும் என்று அம்மா கல்யாணமான நாள் முதல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் கல்யாணமான நாள் முதல், செய்யலாம், நல்ல மரம் வரட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மரம் வந்தது. ஊரில் உள்ளவர்கள் வீட்டுக்கெல்லாம் மேசையாகப் போனது. பின்னறையில் அவருடைய சொந்தக் கருவிகள் இருந்தன. பட்டறையில் வைத்தால் கண்டவன் கை படும் என்று வீட்டிலேயே வைத்திருந்தார். அந்த அறைக்குள் துடைப்பம்கூட அவரைக் கேட்டுவிட்டுத்தான் போகும்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவருக்குப் பொறுமை போய்விட்டது. அம்மா அடுப்படியில் இருக்கும்போது டேப்பை எடுத்தார். மேசையில் கிடந்த ஒரு கால்வட்டத்தின் வளைவை அளந்தார். அதோடு சேர வேண்டிய கடிச்ச துண்டின் வளைவை அளந்தார். மறுபடி அளந்தார். ரெண்டும் ஒரே நீளம் இல்லை. கால்வட்டம்தான் நீளம். ஒன்றை இன்னொன்றின் பள்ளத்தில் வைத்துப் பார்த்தால், உட்காரவே இல்லை. சுற்றிலும் முழுசாக அரை இஞ்ச் மேலே ஏறி நின்றது. மில்லிமீட்டர் வாழ்கிற வீட்டில் அரை இஞ்ச்.

"ஏம்மா, இது என்ன? ஒண்ணு நீளமா இருக்கு, ஒண்ணு கட்டையா இருக்கு."

அம்மா எட்டிப் பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்படித்தான் இருக்கும். தைச்சா சரியாயிடும்."

"வெட்டும்போது சரியில்லாதது தைச்சா எப்படிச் சரியாகும்?"

"ஆகும். நீங்க அதுல கை வைக்காதீங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தைத்தால் சரியாகுமாம். இத்தனை நாள் அவரைச் சோபாவில் உட்கார வைத்ததற்குக் காரணம் இந்த அரை இஞ்ச் தப்பு என்று தெரிந்ததும் மனிதருக்கு ரத்தம் கொதித்தது. தப்பாக வெட்டிவிட்டு, அதைக் குண்டூசி குத்தியும் விரலால் தள்ளியும் சரிக்கட்டப் பார்க்கிறாள். இவளிடம் எடுத்துச் சொல்லிப் பிரயோஜனமில்லை, செய்து காட்டிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். வர சாயங்காலமாகும் என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, மேசைமேல இருக்கறதுல கை வைக்காதீங்க என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனாள். அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் ஜன்னல் வழியே பார்த்திருந்துவிட்டு, மில்லிமீட்டர் பட்டறைக்குப் போன் போட்டு வயிற்றுவலி என்றார்.

அதற்கப்புறம் அவர் பண்ணியது எல்லாமே முதல்தரமான வேலை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். கடிச்ச துண்டின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி பிளைவுட்டில் ஒரு கால்வட்ட அச்சு அறுத்தார். ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கால்வட்டத் துண்டுகளை அடுக்கி, மேலே அச்சை வைத்து அழுத்தி, கூரான பிளேடால் வளைவை ஒட்டி ஒரே சீராக இழுத்தார். அரை இஞ்ச் துணி சுருள் சுருளாகக் கழன்று விழுந்தது. ஒன்றைக்கூட விடவில்லை. பிறகு பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். பூட்டுக்குள் சாவி போகிற மாதிரி போய் உட்கார்ந்தது. ஓரத்தோடு ஓரம். நடுவே காற்று புக இடமில்லை. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்தார். முழு வட்டம் முழு வட்டமாக, தரைக்குக் கல் பதித்த மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு.

அத்தோடு எழுந்து போயிருந்தாலாவது ஒரு நாள் நிம்மதியாக இருந்திருப்பார். ஒரு கட்டத்தைத் தைத்தே வைத்துவிட்டால் அவள் வாயடைத்துப் போவாளே என்று ஆசை வந்தது. மெஷின் முன்னால் உட்கார்ந்தார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஓரம் சேர்த்து, மேசைக்கடியில் கிடந்த கரண்ட் பெடலை மிதித்து, ஒரு வழியாகத் தைத்து முடித்து விரித்தார்.

விரியவில்லை. கடிச்ச துண்டு சுருக்கம் சுருக்கமாகக் கசங்கி, நடுவில் மேடு தட்டி, ஏதோ குரங்குக் குல்லா மாதிரி கையில் நின்றது. கட்டம் சதுரமாகவும் இல்லை, ஒரு பக்கம் உள்ளே இழுத்துக்கொண்டு கோணிக்கொண்டிருந்தது. இன்னொன்று தைத்தார். இன்னொரு குல்லா. அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். தையலுக்கு அந்தப் பக்கம் மடிந்து கிடந்தது துணி, கால்வட்டத்தில் ஒரு கால் இஞ்ச், கடிச்ச துண்டில் ஒரு கால் இஞ்ச்.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மரத்தில் ஓரத்துக்கு ஓரம் பசை தடவி ஒட்டலாம். துணியில் ரெண்டு பக்கமும் கொஞ்சம் உள்ளே போனால்தான் தையல் நிற்கும். வெளியே துருத்திக்கொண்டிருந்த அந்த அரை இஞ்ச் தப்பு இல்லை. தையலுக்கு விட்ட இடம். அவள் கணக்காக விட்டு வைத்த இடம். அதைத்தான் இவர் அச்சு அறுத்து, உப்புத்தாள் போட்டு, பிளேடு வைத்து, ஒன்றுவிடாமல் வழித்துத் தள்ளியிருக்கிறார். அதுவும் பாப்பாவின் கவுன்கள். எந்தக் கடையில் போய்க் கேட்பது? கீழே கிடந்த அரை இஞ்ச் சுருள்களை எடுத்து ஒட்ட முடியுமா என்றுகூட வைத்துப் பார்த்தார், பாவம்.

அம்மா உள்ளே வந்தபோது அவர் குல்லாவும் கையுமாக நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. ஒளிக்க நினைத்தார், ஒளிக்க மேசையில் இடமில்லை. நடந்ததையெல்லாம் வயிற்றுவலி முதற்கொண்டு ஒப்பித்துவிட்டார்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. அவள் குல்லாவை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். பிளைவுட் அச்சை எடுத்துத் தடவிப் பார்த்தாள். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"இந்தத் துணியில இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

"பாப்பா ஞாயித்துக்கிழமை வருவாளேம்மா."

"வருவா."

"ஏதாவது வழி சொல்லு. நீ என்ன சொன்னாலும் செய்றேன்."

"என்ன சொன்னாலுமா?"

"பாப்பா மேல சத்தியமா."

அம்மா பிளைவுட் அச்சை மேசையில் வைத்தாள். பெரிய மேசையாக ஒன்று இருந்தால், பகலில் நல்ல வெளிச்சம் இருந்தால், துணியைச் சுருக்கமில்லாமல் பரப்பி வைத்து வேலை பார்க்கலாம் என்றாள். ஆனால் அதெல்லாம் இந்த வீட்டில் எங்கே நடக்கப்போகிறது என்று பெருமூச்சு விட்டாள். வெளிச்சம் எந்த அறையில் இருக்கிறது என்று மில்லிமீட்டரே கேட்டார். பின்னறை என்று மில்லிமீட்டரே பதிலும் சொல்லிக்கொண்டார். தானாகப் போய்த் தலையைக் கொடுப்பது என்பது இதுதான்.

அடுத்த நாள் பட்டறைக்கு வயிற்றுவலி முற்றிவிட்டது என்று போன் போனது. அலுவலக மேசைக்கு என்று எடுத்து வைத்திருந்த பலகைகளை முதலாளியிடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டே கெஞ்சி வாங்கி வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் மேசை எழுந்து நின்றது. துணி மாட்டாமல் இருக்க ஓரங்களை உருட்டினார். மெஷினை உள்ளே இறக்க ஒரு குழி. குண்டூசிக்கு ஒரு இழுப்பறை, நூலுக்கு ஒரு இழுப்பறை. அவள் கேட்காததைக்கூடச் செய்தார். குற்ற உணர்ச்சி வந்துவிட்ட தச்சன் மாதிரி ஒரு வேலைக்காரன் உலகத்தில் கிடைக்கமாட்டான். பின்னறையைக் காலி செய்து, கருவிகளையெல்லாம் இப்போதைக்கு இங்கே இருக்கட்டும் என்று, மெஷினையும் துணியையும் எடுத்துவிட்டதால் காலியாகிவிட்ட சாப்பாட்டு மேசைமேல் அடுக்கினார்.

சனிக்கிழமை காலையில் புதிய மேசையை ஜன்னலோரம் போட்டு, ஆடாமல் இருக்கிறதா என்று நாலு மூலையும் அழுத்திப் பார்த்துவிட்டு, இனி உன் பாடு, ஒரே நாள்தான் இருக்கிறது என்றார் கவலையாக. அம்மா அலமாரியைத் திறந்தாள். பெரிதாக மடித்திருந்த ஒன்றை எடுத்து வந்து மேசையில் விரித்தாள்.

போர்வை. முழுப் போர்வை. வட்டம் வட்டமாக, ஒரு சுருக்கம் இல்லாமல்.

"இது எப்ப முடிஞ்சுது?"

"போன வாரம். நீங்க பட்டறைக்குப் போயிருந்தப்ப."

"அப்ப நான் வெட்டினது?"

"பழைய ஜன்னல் திரை. அடுத்த போர்வைக்குன்னு வெட்டி வச்சேன்."

சந்தனமா தேக்கா என்று கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தே சொல்லக்கூடிய மனிதருக்கு, பெற்ற மகளின் கவுனுக்கும் ஜன்னல் திரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பூப்போட்டிருந்தால் எல்லாம் ஒன்றுதான் அவருக்கு.

"பாப்பா துணி இல்லைன்னு சொல்லக்கூடாதா நீ?"

"பாப்பா துணின்னு எப்பவாவது சொன்னேனா? கை வைக்காதீங்கன்னுதான் சொன்னேன். ரெண்டு தடவை."

"நான் கை வைப்பேன்னு தெரிஞ்சுதான் போனியா?"

"டேப்பைக் கையில பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. இல்லாட்டி எதுக்கு நான் அக்கா வீட்டுக்குப் போறேன்? அவகூடப் பேசியே மாசக்கணக்காச்சு." அம்மா புதிய மேசையின் இழுப்பறையை இழுத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. "வேலை சுத்தமா இருக்கு" என்று மனசாரச் சொன்னாள். அந்தப் பாராட்டில் பொய் இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், சத்தியம் பண்ணியது யார்? அறையைக் காலி பண்ணியது யார்? எல்லாம் அவரே. அவளோ ஒரு ஆணியைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா வந்தாள். போர்வையைப் பார்த்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இது நான் முதல்நாள் ஸ்கூலுக்குப் போட்டது, இது கீழே விழுந்து முட்டி பெயர்ந்தபோது போட்டது என்று ஒவ்வொரு துண்டாகத் தொட்டுச் சொன்னாள். வட்டங்களின் ஓரத்தில் விரலை ஓட்டி, இவ்வளவு சுத்தமாக எப்படி வந்தது என்று ஆச்சரியப்பட்டாள். அம்மா ரொம்ப அடக்கமாக, எல்லாம் அப்பா உதவிதான் என்றாள். மில்லிமீட்டர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரம் வந்தது. தையல் மேசையில் பரிமாறலாமா என்று அவர் மெல்லக் கேட்டுப் பார்த்தார். துணி வைக்கிற இடத்தில் எண்ணெய்க் கை படக்கூடாது என்று அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். பாப்பா கூடத்துக்கு வந்து நின்றாள். சாப்பாட்டு மேசை முழுக்க இழைப்புளியும் உளியும் வாளும் சுத்தியலும் பசை டப்பாவும் மலைபோலக் குவிந்திருந்தன. அம்மா பழகிப்போனவள் மாதிரி, தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள்.

பாப்பா மேசையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"ஏன்பா, உங்களுக்கு மனசாட்சியே இல்லையா? அம்மா உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசையைக்கூட விட்டுவைக்க மாட்டீங்களா?"