மல்லிக்காட்டில் இறங்காத விமானம்

விமானம் ஓட்டுகிறவள் என்றால் பெரிய துணிச்சல்காரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் வானத்தில் இருக்கும்போதே எங்கம்மாவுக்குப் பயந்தவள்.

பயிற்சியில் இருந்த காலம். அன்றைக்கு ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் மறுநாள் தனியாகப் பறக்க விடுவதாகச் சொல்லியிருந்தார் கேப்டன். அதற்காக ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. (இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். அவர் தும்மினால் எனக்குச் சளி பிடிக்கும்.) திருச்சுழியைத் தாண்டி, எங்க ஊர் பரளச்சிப் பக்கம் போகும்போது இன்ஜின் வேகத்தைச் சட்டென்று குறைத்துவிட்டார்.

"இன்ஜின் நின்னு போச்சுன்னு வச்சுக்கோ. எங்க எறக்குவ?"

கீழே பார்த்தேன். நீளமாக, சமமாக, ஒரு மரம்கூட இல்லாமல் அருமையான நிலம். சின்னப்பிள்ளைகூட கைகாட்டிவிடும். ஆனால் அது எங்க புஞ்சை! கொத்தமல்லி பூத்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. மழை ஏமாற்றி ஏமாற்றி அந்த வருசம்தான் ஏதோ விளைந்திருந்தது. அதில் சக்கரம் பட்டால் அம்மா என்னை உப்புக்கண்டம் போட்டுவிடுவாள். பக்கத்தில் பெரியப்பாவின் பருத்தி. ஏற்கெனவே வரப்புத் தகராறு வேறு. பேசாமல் சீமைக்கருவேலங்காட்டுப் பக்கம் திருப்பினேன்.

"ஏம்மா, அது முள்ளுக்காடும்மா! நல்ல நெலம் கண்ணு முன்னாடி கெடக்குல்ல?"

"சார், அது எங்க மல்லி சார்!"

"என்னது?"

"பூத்திருச்சு சார்!"

முள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும் கேப்டன் விமானத்தைத் தன் கைக்கு வாங்கி மேலே ஏற்றினார். திரும்பி வந்து இறங்கியதும் சொன்னார்: "மல்லி பொழச்சுக்கிச்சு. நாமதான் ரெண்டு பேரும் செத்துட்டோம்."

தனியாகப் பறப்பது தள்ளிப்போனது. அழுதுகொண்டே வீட்டுக்குப் போன் போட்டேன். "எம்மக பயிரக் காப்பாத்திட்டா!" என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. அம்மா போனைப் பிடுங்கினாள்.

"அடி கூறுகெட்டவளே! மல்லி போனா அடுத்த மழைக்கு வெதச்சுக்கிறலாம். நீ போனா நான் என்னடி பண்ணுவேன்?"

அவள் அழத் தொடங்கியதும் எனக்கு அழுகை நின்றுவிட்டது.

அடுத்த விதைப்பில், அப்பா எவ்வளவோ சொல்லியும் கேளாமல், புஞ்சைக்கு நடுவே அகலமாக ஒரு பட்டையைத் தரிசாக விடச் சொல்லிவிட்டாள். எம்பிள்ள எறங்குறதுக்காம். இன்றைக்கும் அப்படித்தான் கிடக்கிறது. "ஏக்கா, மக எப்ப எறங்குறா?" என்று போகிற வருகிறவர்களெல்லாம் கேலி செய்கிறார்கள்.

விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். அம்மா அந்தப் பட்டையைக் காற்றுக்குக் குறுக்கே விட்டிருக்கிறாள். இதுவரை அவளிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.