நாய்க்குட்டிகளுக்கு ஊர் காட்டிய கதை

அரைகுறையாகப் படித்தவர்கள் நாய் வளர்க்கக் கூடாது. முழுதாகப் படித்தவர்களுக்கு அதற்கு நேரம் இருக்காது, படிக்காதவர்களுக்கு அது தானாக வரும். என்னைப் போல மதுரையில் புகுமுக வகுப்பு படித்து, விடுதி வார்டன் நாய் பழக்கியதைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள்தான் ஆபத்தானவர்கள்.

அறுபதுகளின் கடைசியில், காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் நடுவே ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். விவசாயக் குடும்பம். நான் போன சமயம் வீட்டு நாய் நான்கு குட்டிகள் போட்டிருந்தது. கோழியைக் கண்டாலே நான்கும் நெல்லுக் குதிருக்குப் பின்னால் ஒளிந்தன. எனக்குப் பொறுக்கவில்லை.

"இந்த வயசுல வெளிய கூட்டிட்டுப் போயி, புதுச் சத்தம், புது வாசனை, புது ஆளு எல்லாம் பழக்கணும் அயித்தை. இல்லாட்டிப் பயந்தாங்கொள்ளியாப் போயிரும்," என்றேன்.

மாமியார் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "நாய்க்கு ஊரு காட்டப் போறியாக்கும்? ஒனக்கே நாங்க இன்னும் ஊரு காட்டலையேத்தா!"

(அது எச்சரிக்கை என்று இப்போது புரிகிறது. அன்று பொறாமை என்று நினைத்தேன்.)

நான்கு பாவாடை நாடாக்களை உருவிக் கழுத்தில் கட்டிக்கொண்டு (குட்டிகளின் கழுத்தில்தான்) கண்மாய்க் கரைக்குப் புறப்பட்டேன். ஒரு குட்டி ஆட்டுப் புழுக்கையைத் தின்றது. இன்னொன்று தன் நாடாவையே தின்றது. கறுப்புக் குட்டி ஒரு எருமையைப் பார்த்து வீரமாகக் குரைத்தது. எருமை திரும்பிப் பார்த்ததும் என் புடவைக்குள் புகுந்துகொண்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், "என்ன தாயி, நாய் மேய்க்கிறீகளா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அப்போது ஊருக்குள்ளிருந்து கொட்டுச் சத்தம் கேட்டது. புதுச் சத்தம்! ஏதோ கோயில் விசேஷம் என்று குட்டிகளை அங்கே இழுத்துக்கொண்டு போனேன். சாமிக்கு அடிக்கிற கொட்டுக்கும் சாவுக்கு அடிக்கிற கொட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புகுமுக வகுப்பில் சொல்லித் தரவில்லை.

இறந்தவர் வெள்ளைச்சாமி, என் மாமனாரின் பெரியப்பா மகன். வரப்பில் நின்ற ஒரு புளியமரத்துக்காக இரண்டு வீட்டுக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. மரம் பட்டு விறகாகி அடுப்புக்கே போய்விட்டது, சண்டை மட்டும் துளிர்த்துக்கொண்டிருந்தது. நல்லது கெட்டதுக்குக்கூட ஒருவர் வாசலை மற்றவர் மிதிப்பதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாது.

தெருமுனை திரும்பினால் பந்தல், கூட்டம், நடுவில் பெரியவரைக் கிடத்தியிருக்கிறார்கள். நான் சத்தியமாகத் திரும்பிவிடத்தான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கொட்டுக்காரர் ஓங்கி ஒரு அடி அடித்தார். குட்டிகள் சிதறி ஓடின. நாடாக்கள் மட்டும் என் கையில் இருந்தன.

பெண்கள் வட்டமாகக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். கறுப்புக் குட்டி அந்த வட்டத்துக்குள் நுழைந்தது. உள்ளே பெரியவரின் மனைவி, எனக்குப் பெரியத்தை முறை, கண்ணை மூடிக்கொண்டு ராகம் போட்டு அழுதார்:

"ஒருதரம் எந்திரிச்சு வந்து எம் மொகத்தப் பாத்துட்டுப் போகக்கூடாதா, மகராசா!"

குட்டி வந்து பார்த்தது. பார்த்ததோடு நிற்காமல், நாடியிலிருந்து நெற்றி வரை நக்கியும் விட்டது.

பெரியத்தை கண்ணைத் திறந்தார். உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை, சிரித்துவிட்டார். ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்திருந்ததால் அந்தக் குலுங்கல் வட்டம் முழுக்கப் பரவியது.

மூத்த மகன் சிரிக்கவில்லை. "யாரு வீட்டுக் குட்டிக இது?"

"பங்காளி வீட்டுப் புது மருமகப்பா," என்று யாரோ என்னைக் காட்டினார்கள்.

"சாவுக்கு வரலைன்னா வராம இருக்கட்டும். நாயவா அனுப்புவாக?"

ஒருவர் அரிவாள் எங்கே என்றார். (பாடைக்கு மூங்கில் வெட்டத்தான். எனக்கு அது அப்போது தெரியாது.) நிலம் பிளக்காதா என்று நாடாவும் கையுமாக நின்றேன்.

செய்தி போய் என் மாமனார் செருப்பில்லாமல் ஓடி வந்தார். "புதுசா வந்த புள்ள மதினி, ஒண்ணுந் தெரியாது. மனசுல வச்சுக்கிறாதீக," என்று ஆரம்பித்தவர், அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். மன்னிப்புக் கேட்க வந்தவரை மூத்த மகனே தூக்கித் தேற்ற வேண்டியதாயிற்று.

"எந்திரிங்க தம்பி," என்றார் பெரியத்தை. "அவுக பாத்திருந்தா அவுகளும் சிரிச்சிருப்பாக."

பாடைக்கு மாமாவும் தோள் கொடுத்தார். எனக்கு அன்று திட்டு விழவில்லை. மறுநாளுக்கு ஒத்திவைத்திருந்தார்கள்.

கருமாதி முடிந்ததும் பெரியத்தை அந்தக் கறுப்புக் குட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கட்டிய நாளிலிருந்து புருஷன் பெயரை வாயால் சொல்லாதவர் அவர். குட்டிக்கு வெள்ளைச்சாமி என்று பெயர் வைத்தார்.

"கூப்பிட்டேன், வந்துச்சுல்ல?" என்று அதற்குக் காரணமும் சொன்னார்.

அதன்பின் தினமும் தெரு முழுக்கக் கேட்டது: "ஏலே வெள்ளச்சாமி! திங்கிறதத் தவுர ஒனக்கு என்ன தெரியும்? பொழுதடைஞ்சா வீடு வரத் தெரியாதா? யாரு வீட்டு வாசல்லலே படுத்துக் கெடக்குற?"

மகன்கள் தடுத்துப் பார்த்தார்கள். பெரியத்தை அவர்களையும் சேர்த்துத் திட்டினார்.

ஒருநாள் என் மாமியார் வேலியோரம் நின்று அதை வெகுநேரம் கேட்டார். பிறகு மாமாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "நம்ம குட்டிகளுக்கு இன்னும் பேரு வைக்கலையே," என்றார்.

மாமா பிசைவதை நிறுத்தினார். அந்த வாரமே மூன்று குட்டிகளையும் அமராவதிபுதூர், கொத்தமங்கலம் என்று பக்கத்து ஊர்களில் கேட்டவர் கேளாதவர் எல்லாருக்கும் கொடுத்துவிட்டார்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் புருஷன்மேல் கோபம் வந்தால் பெண்கள் கத்துவதில்லை. "நாய்க்குட்டி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்" என்பார்கள். போன வாரம் என் மருமகள் சொன்னாள். என் மகன் எழுந்து பாத்திரம் கழுவப் போனான்.