பத்துக் கல்லா, இருபது முகவரி

"இன்னா சார், இது இன்னும் கருப்பாவே கீது?" என்று கேட்டு, முதல் கல்லா ஜோதிலட்சுமி கம்ப்யூட்டரின் தலையில் இரண்டு தட்டு தட்டினாள்.

"தட்டாதீங்கக்கா. தானா ஏறும்" என்றான் பிரபு.

'தானா ஏறும்' என்பதைத்தான் அவன் ஒரு வாரமாக மந்திரம் போல ஜபித்துக்கொண்டிருந்தான். தி.நகரில் வைரவன் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் பத்துக் கல்லா. பத்திலும் பழையதை அழித்துவிட்டு லினக்ஸ் மென்பொருள் போட வேண்டும். ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து மாரடிக்கத் தேவையில்லை. கல்லாவில் ஸ்விட்சைப் போட்டால் போதும். மெஷின் ஒயர் வழியாக மாடியிலிருக்கும் சர்வரைத் தேடிப் பிடித்து, யாரையும் ஒரு கேள்வி கேட்காமல், தன்னைத் தானே துடைத்துக்கொண்டு புதுசாக எழுந்து நிற்கும். அண்ணாச்சிக்கு இதில் 'இலவசம்' என்ற ஒரு வார்த்தை மட்டும் புரிந்தது. உடனே தலையாட்டிவிட்டார்.

இன்று ஆடித் தள்ளுபடி ஆரம்பம். பத்தரைக்கு நல்ல நேரம்.

"அதுக்குள்ள இது ஓடலேன்னா, நாளையிலேருந்து என் மச்சினன் பாத்துக்கிடுவான்" என்று அண்ணாச்சி காலையிலேயே சொல்லிவிட்டார். மச்சினன் அதற்குள் மாடியில் பிரபுவின் நாற்காலியில் உட்கார்ந்து உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தான். பிரபுவுக்கு நாய்படாத பாடு பட்டுக் கிடைத்த வேலை. இதுவும் போனால் மேற்கு மாம்பலத்தில் அப்பா முகத்தில் முழிக்க முடியாது.

சிக்கல் முழுக்க நம்பரில் இருந்தது. எந்தக் கல்லா எது என்று பில் பிரிண்டருக்குத் தெரிய, ஒவ்வொரு மெஷினுக்கும் மாறாத ஐபி முகவரி ஒன்று வேண்டும், வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. அதில்தான் அண்ணாச்சி மூக்கை நுழைத்தார்.

"நூத்தித் தொண்ணூத்திரெண்டு, நூத்தி அறுபத்தெட்டா? எட்டு வருதுல்லா! மாத்துடே."

"உலகம் பூரா அப்படித்தான் வெப்பாங்க அண்ணாச்சி."

"உலகம் உருப்பட்டுருக்கா?"

பிரபு நம்பரை மாற்ற உட்கார்ந்தான்.

எட்டு அண்ணாச்சிக்கு ஆகாது. பக்கத்துக் கடையின் கதவு எண் எட்டு. அது அவருடைய அண்ணன் சண்முகவேல் கடை. ஒன்றாக இருந்த கடையை, நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டவர்கள். சரக்கு, கல்லா, வேலையாட்கள் எல்லாம் சரிபாதி. அப்பாவின் ஒரே படத்தை மட்டும் பாதியாகக் கிழிக்க முடியவில்லை. அதற்காகக் கட்டிப் புரண்டு, கடைசியில் தம்பிதான் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. வைரவன் கடையில் ஏழாம் கல்லாவுக்கு அடுத்தது ஒன்பதாம் கல்லா.

ஆகவே எண்ஜோசியர் பார்த்துக் கொடுத்த பத்து முகவரிகள். கூடவே அண்ணாச்சியின் இன்னொரு கட்டளை: புது மெஷின் எழுந்ததும் திரை நிறைய அப்பா படம் வர வேண்டும், கீழே 'அப்பா துணை' என்று இருக்க வேண்டும்.

முதல் தவறு பிரபுவுடையதுதான். மெஷின்களுக்கான பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்த கோப்பில், அவசரத்தில் முதல் முகவரியை மட்டும் போட்டிருந்தான். எல்லா மெஷினும் அதையே எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் ஒரே சீட்டில் துண்டு போட்டவர்கள் மாதிரி முட்டி மோதி நின்றுவிட்டன.

சரி, வருகிற வரிசைப்படி ஆளுக்கொரு முகவரி என்று மாற்றினான். சர்வர் சமர்த்தாக 'பத்தும் முடிந்தது' என்றது. கீழே ஓடிவந்து பார்த்தால், நான்கு கல்லாவில் மட்டும் அப்பா இருந்தார். மற்ற ஆறும் கருப்பு.

"மேல முட்ஞ்சிச்சின்ற, கீழ கருப்பா கீது. நடுவுல எங்க சார் பூட்ச்சி?" என்றாள் ஜோதிலட்சுமி.

எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டினான். சர்வர் மறுபடியும் பத்து என்றது. இந்த முறை இரண்டு அப்பாதான் தேறினார்.

சுவரோரம் ஒயர்கள் சேரும் பெட்டியைத் திறந்தான். கடை ஒன்றாக இருந்த காலத்துச் சமாச்சாரம், இடியாப்பம் போலக் கிடந்தது. எது எங்கே போகிறது என்று போட்டவனுக்கே தெரிந்திருக்காது. கும்பிட்டுவிட்டு மூடி, மாடியேறினான்.

"என்ன மாப்ள, நாற்காலி கொஞ்சம் ஆடுதே" என்றான் மச்சினன்.

இருக்கிற பத்தும் எங்கேயோ தீர்ந்துபோகிறது, போகட்டும் என்று பிரபு பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் பத்து முகவரிகளைச் சேர்த்தான். அண்ணாச்சி விரல்விட்டுக் கூட்டினார். ஒன்றின் கூட்டுத்தொகை பதினேழு.

"ஒண்ணும் ஏழும் எட்டுல்லா! வேற போடு."

வேறு போட்டான். ஓட்டினான். கீழே இறங்கி வந்தால், ஒன்று, இரண்டு என்று பத்துக் கல்லாவிலும் அப்பா மீசையோடு எழுந்தருளினார். ஜோதிலட்சுமி விசிலடித்தாள். பிரபுவுக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல நேரத்துக்கு இன்னும் நேரமிருந்தது.

"ஏய், இங்க இருபதுன்னு காட்டுது" என்று மாடியிலிருந்து மச்சினன் கத்தினான். "இருக்கிறது பத்து. மீதி பத்து எங்க?"

"நல்ல நம்பர் வெச்சா பெருகத்தான்டே செய்யும்" என்றார் அண்ணாச்சி மலர்ந்த முகத்தோடு.

அப்போது வாசலில் ஒரு பெண் தயங்கி நின்றாள். கடையே திரும்பிப் பார்த்தது. அவள் பக்கத்துக் கடைக் கல்லா இசக்கியம்மாள். சுவர் எழும்பிய பிறகு, அங்கிருந்து ஒரு ஈ காக்கை இந்தப் படியேறியதில்லை.

"எங்க மெஷின் பத்தும் காலைல போட்டதுமே தானா அழிஞ்சு போச்சு" என்றாள் அவள். "அணைச்சு அணைச்சுப் போட்டுப் பாத்தோம். பழசு ஒண்ணையும் காணல."

பிரபுவின் கண் சுவருக்குப் போனது. சுவரிலிருந்து ஒயர் பெட்டிக்குப் போனது. சுவர் எழுப்பியவர்கள் ஒயரை வெட்டவில்லை. ஆடித் தள்ளுபடி அன்று எதிரியின் கடையையே துடைத்துவிட்டிருக்கிறோம். வேலை போவது இருக்கட்டும், போலீஸே வரும்.

"அண்ணாச்சி, அது வந்து, ஒயரு..." என்று இழுத்தான்.

அண்ணாச்சி அவனைக் கையமர்த்தினார். அவர் முகமும் வெளுத்திருந்தது. "உங்க முதலாளி என்ன சொல்லுதாரு?" என்று கேட்டார்.

"பத்துலயும் பெரியவர் படம் வந்து நிக்கி. அது முன்னால உக்காந்து அழுதுக்கிட்டே இருக்காவ" என்றாள் இசக்கியம்மாள். "தம்பியே படத்தை அனுப்பிட்டாராம், ஒண்ணு சேர அவுகளுக்கும் சம்மதமாம், சுவரை என்னைக்கு இடிக்கலாம்னு கேட்டுட்டு வரச் சொன்னாவ."