வெறும் வயிற்றில் ஆறு பேர்

"ரத்தம் குடுக்குறேன்னுதான் சொன்னேன். பட்டினி கிடக்குறேன்னு எப்பப்பா சொன்னேன்?"

ஆய்வக வராந்தாவில் நின்று கத்தியவர் இராஜமாணிக்கம், ஹரிஷ்குமார் குடியிருக்கும் வீட்டின் ஓனர். அந்த வீடு இருக்கும் ஈஜிபுராவிலிருந்து அவரோடு இரண்டு ஆட்டோக்களில் வந்திறங்கிய ஐந்து பேரும் வயிற்றைத் தடவியபடி ஹரிஷை முறைத்தார்கள்.

ரத்தப் புற்றுநோய் ஆய்வகத்தில் ஹரிஷ் உதவியாளனாகச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ரத்த அணுவுக்குள் எந்த மரபணு விழிக்கிறது, எது தூங்குகிறது என்று கண்டுபிடிக்கும் கனவோடு வந்தவன். பேராசிரியர் சீனிவாசராகவன் டெல்லி மாநாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் கொடுத்த முதல் வேலையோ வேறு.

"நோய் இருக்கிற ரத்தத்தோட ஒப்பிட்டுப் பாக்கணும். ஆரோக்கியமான ஆணா ஆறு புடிச்சு ரத்தம் எடுத்து வை."

ஆறு பேர் என்று சொல்லக்கூட மனுஷனுக்கு வாய் வரவில்லை. ஆறு! இதென்ன கத்தரிக்காயா? ஹரிஷுக்கு அப்போதே சுருக்கென்றது. புது வேலை என்பதால் பொறுத்துக்கொண்டு, வீட்டு ஓனரின் கையைக் காலைப் பிடித்து ஆள் சேர்த்திருந்தான்.

இப்போது பேராசிரியருக்குப் போன் போட்டான்.

"சார், பசியில ஒரே கத்தல்."

"கத்தட்டும். ரத்தம் எடுக்குற வரைக்கும் ஒண்ணும் போடாதே. தண்ணி மட்டும் வை."

போடாதே! வை! ஹரிஷின் காது சூடேறியது. "சார் ரொம்ப வருத்தப்பட்டாரு. கொஞ்சம் பொறுத்துக்கணுமாம்," என்று வராந்தாவில் மாற்றிச் சொன்னான்.

பசி பொறுக்குமா? யாருக்கு முதல் ஊசி என்று தகராறு கிளம்பி, ஒருவர் சட்டையை இன்னொருவர் பிடித்துவிட்டார்.

"சார், இங்க ஒரே அடிதடி!"

"ஆம்பிளைங்கள ஒண்ணா விட்டா அப்படித்தான். தனித்தனியா அடைச்சு வை."

அடைப்பதா? பல்லைக் கடித்துக்கொண்டு ஆளுக்கோர் அறையில் உட்கார வைத்தான். அவசரத்தில் இராஜமாணிக்கத்துக்கு வாய்த்தது ரசாயனங்களை வைக்கும் குளிர் அறை. உள்ளிருந்தே அவர் வீட்டுக்குப் போன் செய்ய, அவர் மனைவி வேதநாயகி அடுத்த ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"ஏம்பா, எம் புருஷன எதுக்குப் பூட்டி வெச்சிருக்க? அதுவும் ஃப்ரிட்ஜுல!"

நடுங்கிக்கொண்டிருந்த இராஜமாணிக்கத்தை வெளியே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அந்த அம்மாளைச் சமாதானப்படுத்த ஸ்பீக்கரிலேயே போன் போட்டான்.

"சார், ரத்தம் எடுத்ததும் அனுப்பிடலாம் இல்ல?"

"அனுப்புறதா? நல்லா இருக்கே! மண்ணீரல், எலும்பு மஜ்ஜை எல்லாம் எடுக்கணுமே. நாளைக்கு நான் வந்து எப்படி அறுக்கிறதுன்னு சொல்லித் தரேன்."

மறுநொடி அறைக் கதவுகள் படபடவென்று திறந்தன. நடுங்கிக்கொண்டிருந்த இராஜமாணிக்கம்தான் முதல் ஆளாகக் கேட்டைத் தாண்டினார்.

"இன்னிக்கே வீட்டைக் காலி பண்ணிடு!" என்று கூவிக்கொண்டே வேதநாயகியும் பின்னால் ஓடினாள்.

ஒரு வாரமாக அடக்கி வைத்ததெல்லாம் ஹரிஷுக்குப் பொங்கியது.

"நீங்கெல்லாம் ஒரு மனுஷனா சார்? அதுவும் ஒரு உயிர்தானே! பெண்டாட்டி வாசல்ல வந்து கத்திட்டுப் போறாங்க சார்!"

"யாரோட பெண்டாட்டி?"

"இதுக்கு மேல உங்ககிட்ட ஒரு நிமிஷம் வேலை பாக்க மாட்டேன்!"

போனை அணைத்தான். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மேஜையில் வீசினான். மனிதகுலத்தின் மானத்தையே காப்பாற்றிவிட்ட நிமிர்வோடு படியிறங்கினான்.

கீழிருந்து, விலங்குக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் நாகேஷ், துணி மூடிய கூண்டொன்றைச் சுமந்துகொண்டு மேலே வந்தான்.

"ஏன் சார், ஆறு ஆம்பிள எலி புடிச்சிக்க வருவீங்கன்னு சாரு நேத்தே சொன்னாரே, நீங்க வரவே இல்லையே?"